பென்சிலுக்குள் உறைந்திருக்கும் உழைப்பு

"நாள்தோறும் கையாளப்படும் கைத்தொழிற் பொருளொன்றைத் தெரிந்தெடுத்து, அதில் அடங்கியுள்ள மூலப்பொருள்களை ஆராய்ந்து எழுதுக." நமது பாடசாலை மாணாக்கருக்குக் கொடுக்கப்படும் ஒப்படைகளுள் இதுவும் ஒன்று. இவ்வாறான ஒப்படையொன்றை அண்மையிற் பார்வையிடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மாணவர் குழுவொன்று பென்சிலைத் தெரிந்தெடுத்திருந்தது. பென்சிலை நீளவாக்கிற் பிளந்து பெரிய தாளொன்றில் ஒட்டி, அருகே மூன்று நிரல்களை வரைந்திருந்தனர். முதலாவது நிரல் 'பொருள்', இரண்டாவது 'கிடைக்குமிடம்', மூன்றாவது 'பயன்'. மரம், காரீயம், களிமண், பூச்சு, பித்தளை, இறப்பர் என ஆறு பொருள்கள் ஒழுங்காக நிரற்படுத்தப்பட்டிருந்தன. தேடி உழைத்துச் செய்த வேலை என்பதில் ஐயமில்லை.

அக்குழுவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மட்டும் ஒரு வினா எழுப்பினாள்: "இதையெல்லாம் எடுத்தவர்களை எந்த நிரலில் எழுதுவது?"

ஒப்படையில் அதற்கு இடம் விடப்பட்டிருக்கவில்லை. பாடநூலிலும் இல்லை. அந்த நான்காவது நிரலை இயன்ற அளவுக்கு நிரப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பென்சிலின் நடுவே ஓடும் கரிய குச்சியை ஆங்கிலேயர் இன்றும் 'ஈயம்' என்றே வழங்குகின்றனர். நம்மவர் வழக்கிலும் அப்பொருள் 'காரீயம்', அதாவது கரிய ஈயம். உண்மையில் அதில் ஈயம் என்பது இல்லை. 1779இல் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் ஷேலே, அது காபனின் ஒரு வடிவமே என்று காட்டினார். 1789இல் ஜேர்மனியரான வேர்ணர், 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்குக் 'கிராபைற்று' எனப் பெயரிட்டார். வைரமும் காரீயமும் ஒரே மூலகத்தின் இரு வடிவங்கள். ஒன்று மகுடத்தில் ஏறியது. மற்றையது மாணாக்கன் கையில் ஏறியது.

உள்ளே இல்லாத ஈயம் வெளியே இருந்ததுதான் வேடிக்கை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பூச்சுகளில் ஈயச் சேர்வைகள் தாராளமாகக் கலக்கப்பட்டன. சிந்தித்தவாறே பென்சிலின் நுனியைக் கடிக்கும் குழந்தைக்குக் கேடு வந்தது நடுவிலுள்ள 'ஈயத்தால்' அன்று, மேலே பளபளத்த மஞ்சட் பூச்சால். இலங்கையிற் பூச்சுகளின் ஈய அளவுக்குச் சட்டப்படி வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டிலேயே. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரை மட்டும் கற்று, அதன் உள்ளீட்டைக் கல்லாது விடுவது எத்துணை அபாயமானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

காரீயத்தின் எழுத்துப் பயன் 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பொரோடேல் மலைப்பகுதியில் வெளிப்பட்டது. அங்கே தூய காரீயம் கட்டி கட்டியாகக் கிடைத்தது. அறுத்து மரத்திற் பொதிந்தால் அதுவே பென்சில். ஆயினும் ஆள்வோர் அதைப் போற்றிக் காத்தமைக்குக் காரணம் எழுத்தார்வம் அன்று. பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தைப் பூசுவதற்கு அது உகந்ததாயிருந்தது. எனவே சுரங்கத்துக்கு ஆயுதக் காவல் இடப்பட்டது. 1752இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றி, காரீயத் திருட்டைப் பெருங்குற்றமாக்கியது. கடூழியமும் நாடுகடத்தலும் அதற்குரிய தண்டனைகள்.

1793இல் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டபோது, பொரோடேல் காரீயம் பிரான்சுக்குக் கிடையாமற் போயிற்று. புரட்சி அரசாங்கம் கொந்தே என்ற விஞ்ஞானியிடம் மாற்று வழியொன்றைக் காணுமாறு பணித்தது. அவர் தரங்குறைந்த காரீயத்தைத் தூளாக்கி, களிமண்ணுடன் குழைத்து, குச்சிகளாக்கிச் சூளையிற் சுட்டார். 1795இல் அம்முறைக்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். களிமண் கூடினால் எழுத்து வன்மையும் வெளிறலும் பெறும். குறைந்தால் மென்மையும் கருமையும் பெறும். இன்று உலகெங்கும் பென்சில் செய்யப்படுவது அடிப்படையில் இம்முறைப்படியே. ஆக, பிள்ளைகளின் கையிலுள்ள இச்சாதுவான கருவியின் பிறப்புச் சாதகத்திற் பீரங்கியும் முற்றுகையும் எழுதப்பட்டிருக்கின்றன.

2

'கிடைக்குமிடம்' என்ற நிரலில் மாணாக்கர் 'இலங்கை' என்று எழுதியிருந்தனர். அது சரியே. பாறைப் பிளவுகளில் நாளங்களாக ஓடும் மிகத் தூய காரீயம் வாணிப அளவில் அகழப்படும் நாடு நமது நாடே. கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ, கொலங்கஹ ஆகியன இச்சுரங்கங்களுட் புகழ்பெற்றவை. கஹட்டகஹவின் ஆழம் 600 மீற்றருக்கு மேற்பட்டது.

ஆயினும் ஒரு திருத்தம் வேண்டும். நம் காரீயம் பெரும்பாலும் பென்சிலுக்குப் போகவில்லை. அது போனது புடக்குகைகளுக்கு. கடும் வெப்பத்தைத் தாங்கி உருகாது நிற்பது காரீயத்தின் இயல்பு. உருக்கையும் பித்தளையையும் உருக்கும் புடக்குகைகளைச் செய்வதற்கு இலங்கைக் காரீயமே தலைசிறந்தது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகள் கண்டுகொண்டன. அமெரிக்காவில் 1827இல் தொழில் தொடங்கிய ஜோசப் டிக்சன், 1856இல் இலண்டனிலே தோன்றிய மோர்கன் புடக்குகைக் கம்பனி போன்றோரின் செல்வத்துக்கு நம் மலைகளின் கரிய நாளங்களும் உரமாயின.

முதலாம் உலகப் போர் இதற்கு உச்சகட்டம். வெடிகுண்டு உறைகளுக்குப் பித்தளை வேண்டும். பித்தளை உருகப் புடக்குகை வேண்டும். புடக்குகைக்குக் காரீயம் வேண்டும். 1916இல் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 33,000 தொன் காரீயம் ஏற்றுமதியாயிற்று. போர் முடிந்ததும் கேள்வி சரிந்தது. மடகஸ்காரின் காரீயமும் போட்டிக்கு வந்தது. கிராமத்தவர் இறங்கி உழைத்த சிறு குழிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஐரோப்பாவிற் போர் மூண்டபோது அவர்களுக்கு வேலை வந்தது. சமாதானம் வந்தபோது வேலை போயிற்று. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் தன்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அக்குழிகளில் உழைத்தோர் யார்? பெரும்பாலும் சிங்களக் கிராமங்களின் ஏழை விவசாயிகள். காட்டு மரங்களைக் கொடியாற் பிணைத்துச் செய்த ஏணிகளில் இறங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெட்டி, கைச்சுழல் உருளையால் மேலே இழுத்தனர். நீரையும் கையாலே இறைத்தனர். கொழும்பு, காலி ஆகிய துறைமுக நகரங்களின் கொட்டகைகளிற் பெண்கள் நிலத்தில் அமர்ந்து, கட்டிகளை உடைத்துத் தரம் பிரித்தனர். கண்ணிமை முதல் உள்ளங்கால் வரை கரி படிந்த அப்பெண்களின் நிழற்படங்கள் பழைய அஞ்சலட்டைகளில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அஞ்சலட்டையின் பின்புறத்தில் அவர்களுடைய பெயர் இல்லை.

பெயர் நிலைத்தவர்கள் வேறு சிலர். சுரங்க உடைமையாளரான முதலியார் டி. சி. ஜி. ஆட்டிகல என்பவருக்கு மூன்று புதல்வியர். ஒருவர் எவ். ஆர். சேனநாயக்காவை மணந்தார், மற்றொருவர் மூத்த ஜோன் கொத்தலாவலையை மணந்தார், இன்னொருவர் ரி. ஜி. ஜயவர்த்தனாவை மணந்தார். எவ். ஆர். அவர்களின் இளவல் டி. எஸ். சேனநாயக்கா இந்நாட்டின் முதற் பிரதமர். கொத்தலாவலையின் மகன் சேர் ஜோன், மூன்றாவது பிரதமர். ரி. ஜி. அவர்களின் சகோதரர் மகன் ஜே. ஆர். ஜயவர்த்தனா 1978இல் நிறைவேற்று அதிகாரம் படைத்த முதல் ஜனாதிபதியானார். சேனநாயக்காக்களின் தந்தையார் டொன் ஸ்பேட்டரும் காரீயத்திலும் சாராயக் குத்தகையிலும் பொருளீட்டியவரே. சாராயக் குத்தகை, தோட்டம், காரீயம் என்னும் மூன்று ஊற்றுகளிலிருந்து இலங்கையின் முதலாளி வர்க்கம் எழுந்தவாற்றை வரலாற்றாசிரியை குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எவரையும் குடும்பப் பெயரால் இகழ்வது நம் கருத்தன்று. நிலத்தின் அடியிலிருந்து வந்த செல்வம் எத்தகைய ஏணியில் ஏறி ஆட்சிபீடத்தை அடைந்தது என்பதை அறிவதும் இரசாயனம் அறிவது போன்றதே. மூலகம் மாறுவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது.

1971இல் காரீயச் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1990களிற் போகல மீண்டும் தனியார் கைக்கு மாறிற்று. கஹட்டகஹ அரசிடமே எஞ்சியது.

3

மரமும் பித்தளையும் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பென்சிலுக்கு ஏற்ற மரம் அமெரிக்காவின் தென்பகுதியில் வளர்ந்த செங்கேதார் என்று கொள்ளப்பட்டது. மென்மையாகச் சீவப்படும், முறுக்கிக்கொள்ளாது என்பன அதன் சிறப்புகள். புளோரிடா, டென்னசி வனங்கள் வரைமுறையின்றி வெட்டப்பட்டன. 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் மரம் அருகிவிட்டது. கம்பனிகள் பழைய வேலிக் கட்டைகளையும் களஞ்சியச் சாலைகளையும் விலைக்கு வாங்கிப் பிளக்கும் நிலை உண்டாயிற்று. பின்னர் கலிபோர்னியாவின் கேதார் வகையை நாடினர். இன்று இந்தியப் பென்சில்களுக்கான மரப்பலகைகளிற் பெரும்பகுதி காஷ்மீரத்துப் புல்வாமாப் பகுதியின் பொப்லர் மரங்களிலிருந்து வருகிறது. துப்பாக்கி நிழலில் வாழும் அம்மக்கள் அறுத்த பலகையாற் செய்த பென்சிலை நம் ஊர்க் கடைகளிலும் வாங்கலாம். அதன் மேல் அச்சிட்டிருப்பது கம்பனியின் பெயர் மட்டுமே.

பென்சிலின் தலையில் இறப்பரைப் பிடித்து நிற்கும் பித்தளை வளையம் செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். அது உருகியது எதில்? புடக்குகையில். புடக்குகையின் காரீயமோ ஒரு காலத்தில் நம் சுரங்கத்தினின்று போனது. நம் காரீயம் பென்சிலின் நடுவில் இல்லாதபோதும் அதன் தலைப்பாகையை வார்த்துக்கொடுத்த பெருமை அதற்குண்டு.

4

இனி இறப்பர். தென்னமெரிக்கக் காட்டு மரத்தின் பாலிலிருந்து பெற்ற பொருளொன்று பென்சில் எழுத்தை அழிக்கவல்லது என்பதை 1770இல் ஆங்கில விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ற்லி குறித்துவைத்தார். அதற்கு முன் அழிப்பதற்குப் பாண் துண்டுகளையே பயன்படுத்தினர். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டார். 1858இல் லிப்மன் என்பவர் பென்சிலின் தலையில் இறப்பரைப் பொருத்தி உரிமைப் பத்திரம் பெற்றார். 1875இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதெனத் தள்ளிற்று. இரண்டு பழைய பொருள்களைச் சேர்த்து வைப்பது புதுப்புனைவு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இறப்பரின் மேல் உலகம் கொண்ட வேட்கை பெரிதும் சக்கரங்களால் வந்தது. அதற்குத் தரப்பட்ட விலை மனித உடல். பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட், 1885 முதல் 1908 வரை கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். குறித்த அளவு காட்டு இறப்பரைக் கொண்டுவரத் தவறிய கிராமங்கள் எரிக்கப்பட்டன. மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. பிரித்தானியத் தூதுவர் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904இல் இக்கொடுமைகளை உலகுக்கு வெளிப்படுத்தியது.

1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கியூ பூங்காவில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டே 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் அவை வேரூன்றின. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் குன்றுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்க் காடுகளாயின.

மரத்தை யார் கொண்டுவந்தார் என்பதைப் பாடநூல் கூறும். பால் வெட்டியவர் யார் என்பதைக் கூறாது. சூரியன் ஏறுமுன் பால் நன்கு வடியும். ஆதலாற் பால்வெட்டும் தொழிலாளி இருளிலேயே மலையேற வேண்டும். பட்டையில் அளவறிந்து சரிவாகக் கீறவேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். ஆழாவிட்டாற் பால் வடியாது. சிரட்டைகளில் நிரம்பிய பாலைச் சேர்த்து, அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையூட்டித் தாளாக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டில்லாத நாள் பட்டினி நாள்.

இறப்பர்த் தோட்டங்களிற் சிங்களக் கிராமத்து உழைப்பாளரும் பெருந்தொகையாக வேலை செய்தனர். அவர்களோடு, தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் கடன் சுமையோடு கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர். தொழிலாளியின் கடனை ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதி, அவனையே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிக்கொண்ட 'துண்டு' முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு, 1952இல் அங்கே குரல் இருக்கவில்லை.

அந்த 1952ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் நினைவுகூரத் தக்கது. இறப்பரின் விலை வீழ்ந்து, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வேளை, இலங்கை மக்கள் சீனத்துடன் அரிசி–இறப்பர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது ஏற்பாடு. அமெரிக்காவின் வெருட்டலைப் பொருட்படுத்தாது செய்த இவ்வொப்பந்தத்தை முற்போக்காளர் அன்று வரவேற்றனர், வரவேற்றது நியாயமே. ஒப்பமிட்ட வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா, முன் கூறிய எவ். ஆர். அவர்களின் மைந்தர். காரீயச் சுரங்க முதலியாரின் பேரர். அவர் கையொப்பம் நாட்டுக்குச் சோறு தந்தது. ஆனால் அந்தச் சோற்றுக்கு ஈடாக அனுப்பிய இறப்பரைத் தோட்டங்களில் வெட்டியோருட் பெரும்பகுதியினர், சோறுண்ட நாட்டின் குடிமக்களாக எண்ணப்படவில்லை. 1964இன் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேரை இங்கே ஏற்பது எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. இறப்பர்த் தாள்களைத் தொன் கணக்கில் எண்ணியது போலவே மனிதரையும் எண்ணினர். நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுற்றது 2003ஆம் ஆண்டிலேயே.

இன்றைய அழிப்பான்களிற் பெரும்பாலானவை செயற்கை இறப்பராலோ வினைல் என்ற நெகிழியாலோ ஆனவை. ஆயினும் வரலாற்றை அழிக்கவல்ல அழிப்பான் இன்னும் செய்யப்படவில்லை.

5

இவ்வளவும் எழுதியபின் ஒரு மறுப்பையும் நோக்க வேண்டும். 1958இல் லெனார்ட் ரீட் என்ற அமெரிக்கர் 'நான், பென்சில்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பென்சிலே தன் கதையைச் சொல்வதாக அமைந்தது அது. இலங்கைச் சுரங்கத் தொழிலாளரும் அதிற் குறிப்பிடப்படுகின்றனர். ஒரு பென்சிலை முழுமையாகச் செய்யும் அறிவு உலகில் எந்தத் தனிமனிதனிடமும் இல்லை. எண்ணற்றோர் ஒருவரையொருவர் அறியாமலே அதை ஆக்குகின்றனர். ஆகவே அரசு தலையிடாது சந்தையைச் சுதந்திரமாக விடுக என்பது அவர் வாதம். 1980இல் பொருளியலாளர் மில்ற்றன் பிரீட்மன் தொலைக்காட்சியிற் பென்சிலைக் கையில் ஏந்தி இவ்வாதத்தையே உலகெங்கும் பரப்பினார்.

வாதத்தின் முற்பகுதியை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். பென்சில் ஒரு கூட்டுப் படைப்பு. மனிதகுலத்தின் ஒருமைக்கு அதுவே சாட்சி. ஆனால் பிற்பகுதியை வரலாறு ஏற்கவில்லை. பொரோடேல் சுரங்கத்தைக் காத்தது ஆயுதக் காவலும் பாராளுமன்றச் சட்டமும். கொந்தேயின் கண்டுபிடிப்பைத் தூண்டியது போரும் புரட்சி அரசின் ஆணையும். இறப்பர் விதை கடல் கடந்தது பேரரசின் திட்டத்தால். கொங்கோவில் இறப்பரைச் சேர்த்தது மன்னனின் துப்பாக்கி. தோட்டத்தொழிலாளியைக் கட்டிவைத்தது கடனும் சட்டமும். கண்ணுக்குத் தெரியாத கை என்று சந்தையைப் புகழ்வோர், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறியாதிருப்பது வியப்புக்குரிய அழகு என்கிறார் ரீட். அந்த அறியாமையே அவர்களது பலவீனம் என்கிறோம் நாம். காரீயம் வெட்டிய சிங்களத் தொழிலாளியும் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், 1948இல் இந்நாட்டின் வரலாறு வேறு திசையிற் சென்றிருக்கவும் கூடும்.

6

இது முடிந்த கதையன்று. 2004இல் மாஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் ஆகிய இருவரும், சாதாரண ஒட்டு நாடாவாற் காரீயத்தை உரித்து, ஓரணுத் தடிப்புள்ள கிராபீன் தாளைப் பிரித்தெடுத்தனர். 2010இல் நோபெல் பரிசும் பெற்றனர். கைத்தொலைபேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லிதியம் மின்கலங்களுக்குக் காரீயம் இன்றியமையாதது. அவற்றிற் பலவற்றுக்கு வேண்டிய கோபாற்று என்ற உலோகமோ இன்று பெருமளவில் வருவது கொங்கோவிலிருந்து. அங்கே கையாலே குழி தோண்டுவோருள் சிறுவரும் இருக்கின்றனர். இறப்பருக்காகக் கைகள் வெட்டப்பட்ட அதே நாடு அது. நாளை நம் மாணாக்கர் கைத்தொலைபேசியை ஒப்படைக்குத் தெரிந்தெடுத்தால், 'கிடைக்குமிடம்' என்ற நிரலில் அதே பெயர்களையே மீண்டும் எழுத நேரும்.

நம் நாட்டிலும் பென்சில் என்பது எளிய பொருளாயிருக்கவில்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொப்பி, பென்சில் விலையும் பெரிதும் உயர்ந்தது. தூய காரீயம் விளையும் நாட்டில், ஒரு பென்சிலை இரண்டாக முறித்து அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொண்ட வீடுகளை ஆசிரியர்கள் அறிவர்.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் முன்வைப்பது பெரிய கோரிக்கை அன்று. ஒப்படைத் தாளில் இன்னுமொரு கோடு வரையுங்கள். 'பொருள்', 'கிடைக்குமிடம்', 'பயன்' ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'உழைத்தவர்' என்று எழுதுங்கள். அந்த நிரல் எளிதில் நிரம்பாது. பாட்டனாரைக் கேட்க வேண்டியிருக்கும். பழைய தோட்டத்துக்கோ மூடிய சுரங்கத்துக்கோ போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். சில இடங்கள் வெறுமையாகவே நிற்கும். அவ்வெறுமையையும் மாணாக்கர் காணட்டும். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளை வரலாற்றின் முதற் பாடத்தைக் கற்றுவிட்டது.

அந்த மாணவி தன் தாளின் ஓரத்தில் நான்காவது கோட்டைத் தானே வரைந்தாள். பென்சிலாலேயே வரைந்தாள்.